உமி வாசம்

எலிகளின் தூக்கத்தைக் கெடுக்காமல் பெருக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. விளக்குமாற்றைத் தரையிலிருந்து எடுக்கவே கூடாது. எடுத்து எடுத்துப் போட்டால் ஈர்க்குகள் சடசடவென்று தரையில் அடிக்கும். நமக்கு அது ஒரு சத்தமாகவே படாது. எலிக்கு ஆலங்கட்டி மழை பெய்வது மாதிரி இருக்கும். அதனால் விளக்குமாற்று நுனியில் ஈரத்துணியைச் சுற்றி, தரையோடு அழுத்தி, சுவரோரத்திலிருந்து வாசல்வரை ஒரே இழுப்பாக இழுத்து வர வேண்டும். கொலுசு ஆகாது, கண்ணாடி வளையல் ஆகாது. பூ, பவுடர், தலைக்கு எண்ணெய் எதுவும் ஆகாது. எலிக்குக் கண் அவ்வளவு தெரியாது. அதன் உலகம் மூக்கிலும் காதிலும் மீசையிலும்தான் இருக்கிறது.

அம்சவள்ளி இதையெல்லாம் வேலைக்கு வந்த புதிதிலேயே பழகிக்கொண்டாள். துறையூர் ரோட்டில், குரும்பலூருக்குச் சற்று முன்னால் இருந்தது அந்த மருந்தியல் கல்லூரி. கல்லூரிக்காரர்கள் அந்தக் கட்டடத்தை அனிமல் ஹவுஸ் என்பார்கள். அவள் வாயில் அது எலிவூடு. கூண்டுகளில் உமி மாற்றுவது, தீனி வைப்பது, தண்ணீர்ப் பாட்டில் கழுவுவது, இதுதான் வேலை. பங்குனி வெயிலில் தார் இளகிக் கிடந்த ரோட்டில் நடந்து வந்து அந்தக் குளிர் அறைக்குள் நுழையும்போது அவளுக்குக் கண் சொருகும். வெள்ளை எலிகள் ஒன்றன்மேல் ஒன்று தலையை வைத்துக் கிடக்கும். இரவில் திரிந்துவிட்டுப் பகலில் தூங்குகிற ஜாதி. அந்தத் தூக்கத்தைக் காப்பது அவள் பொறுப்பு.

அவள் வீட்டில் இரவும் பகலும் தூங்காத ஒன்று இருந்தது.

மதுரா. சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு வேண்டிப் பெற்ற பெண். பள்ளிக்கூடம் போகிற வயது, ஆனால் எந்தப் பள்ளிக்கூடமும் வைத்துக்கொள்ளவில்லை. பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்பாது. சின்ன வெங்காயத்தை எடுத்துச் சுவரோரமாகப் பெரிதிலிருந்து சிறிதுவரை வரிசை வைக்கும். நடுவில் ஒன்றை யாராவது எடுத்துவிட்டால் வீடு இரண்டுபடும். படுக்கவைத்தால் கண் மூடும், அரைத் தூக்கத்தில் எழுந்து குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும், தவலைப்பானையை விரலால் தட்டிக்கொண்டே இருக்கும். திருச்சி டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் பார்த்த ஒரு டாக்டர், "தாய் சரியா பேசிப் பழகல, அதான்" என்று சொல்லியிருந்தார். திருச்சி டாக்டர் சொன்னது அம்சவள்ளிக்குப் பாதி புரிந்தது. மற்றவர் சொன்னது முழுசாகப் புரிந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

எலிவூட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவன் ஹுமாயூன். லப்பைக்குடிக்காட்டுப் பையன். அண்ணன், மச்சான், பெரியப்பா மகன் எல்லாரும் குவைத்திலும் துபாயிலும் இருக்க, இவன் மட்டும் மருந்தியல் படித்துவிட்டு வாத்தியாராக இங்கேயே நின்றுவிட்டான். தூக்கத்தை அளக்கும் ஆராய்ச்சி என்றால் எலியின் மண்டையில் கம்பி பொருத்தி மூளை அலையைப் பிடிக்க வேண்டும். அந்த இயந்திரம் பெங்களூரில் இருந்தது. இவனிடம் இருந்தது பிறந்தநாள் வாழ்த்து அட்டை.

"இதத் திறந்தா பாட்டுப் பாடுமில்லக்கா, உள்ள ஒரு பித்தளை வில்லை இருக்கு பாருங்க. கரண்டு குடுத்தா அது அதிரும், சத்தம் வரும். அதையே திருப்பிப் போட்டா? நாம அதை அதிர வச்சா அது நமக்குத் துளிக் கரண்டு குடுக்கும்."

அந்த வில்லைகளைத் திருச்சியில் வாங்கிவந்து கூண்டுக்கு அடியில் ஒட்டி, ஒயரைப் பழைய கம்ப்யூட்டரின் மைக் துளையில் செருகியிருந்தான். எலி நடந்தால், சொறிந்தால், தீனி கொறித்தால் திரையில் கோடு கோழி கிளறிய குப்பை மாதிரி ஓடும். தூங்கிவிட்டால் உடம்பில் அசைவது மூச்சு ஒன்றுதான். அப்போது கோடு ஊஞ்சல் மாதிரி ஒரே அளவாக ஏறும், இறங்கும். கோட்டைப் பார்த்தே தூங்குகிறதா, முழித்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். முதல்முறை அதைப் பார்த்தபோது அம்சவள்ளி வேலையை மறந்து நின்றுவிட்டாள். தூக்கத்துக்கு ஓர் உருவம் உண்டென்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

அவன் இரண்டு வகைக் குட்டிகளை அளந்தான். ஒரு வகை சாதாரணம். இன்னொரு வகையின் தாய்க்கு, சினையாக இருக்கையில், குட்டிகளின் மூளை உருவெடுக்கிற பருவத்தில், வலிப்பு மருந்து ஒன்று ஊசியாகப் போடப்பட்டிருக்கும். அந்தக் குட்டிகளில் பலவற்றுக்கு வால் நுனி மடிந்திருக்கும். மற்றக் குட்டிகளோடு சேராது, தனியாக மூலையில் உமியைத் தோண்டியதையே தோண்டிக்கொண்டிருக்கும். பகலில் அவற்றின் ஊஞ்சல் அடிக்கடி அறுந்துபோகும்.

"தோண்டினதையே தோண்டுது சார்" என்று அம்சவள்ளி ஒருநாள் சொன்னாள். "எங்க மதுரா வெங்காயம் அடுக்கற மாதிரி."

ஹுமாயூன் திரையை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் வீட்டுக் கதை அவனுக்கு அதுவரை தெரியாது.

அந்த வாரம்தான் கலியம்மாள் செந்துறையிலிருந்து வந்தாள்.

கலியம்மாள், அம்சவள்ளியின் புருஷன் அங்கமுத்துவின் அக்காள். அம்சவள்ளி அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். தாய் செத்தபோது கைக்குழந்தையாக இருந்த தம்பியைத் தன் இரண்டு பிள்ளைகளோடு பிள்ளையாகத் தூக்கி வளர்த்தவள். இப்போது புருஷன் இல்லை, மகன்கள் திருப்பூரில். முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்குவாள், வீட்டில் வறுத்து உடைப்பாள். தோட்டு எண்ணெய் பட்டுப்பட்டு அவள் விரல்கள் கரிக்கட்டை மாதிரி இருக்கும். பையில் முந்திரிப்பருப்பும் வாயில் ஏச்சுமாக வருவது அவள் வழக்கம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அங்கமுத்து சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டிவிட்டு அரியலூரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். அம்சவள்ளி கேழ்வரகுக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மதுரா சுவரோரம் வெங்காயத்தோடு இருந்தது.

"தம்பி, இந்தப் புள்ள கண்ணப் பாத்தியாடா? குழிவுழுந்து கெடக்கு" என்றாள் கலியம்மாள்.

"என்னக்கா பண்றது. டாக்டர் சொல்றாரு, இது இப்படித்தான்…"

"டாக்டர் கெடக்கறாரு. நீயும் சின்னதுல ராத்திரியெல்லாம் ஆந்தை மாதிரி முழிச்சிக்கிட்டு கெடப்பே. தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே தேஞ்சேன். தூங்கலியா நீ? இப்ப சோத்துல கைய வச்சிக்கிட்டே தூங்கறே."

உண்மைதான். அங்கமுத்து களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணை மூடியிருந்தான். சட்டென்று விழித்து உருண்டையை முழுங்கினான்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல" என்று தொடங்கினாள் கலியம்மாள். அப்படித் தொடங்கினால் அடுத்து வருவது குற்றம்தான் என்று அம்சவள்ளிக்குத் தெரியும். "பகலெல்லாம் எலிய ஆராட்டித் தூங்க வச்சிட்டு வர்றவளுக்குப் புள்ளைய ஆராட்டத் தெம்பு எங்க இருக்கும்? எலித் தூக்கம் கெடாம பாத்துக்க ஆளு வச்சிருக்கானுவளாம். புள்ள தூக்கத்துக்கு ஆளு இல்ல."

"நான் பாக்காம வேற யாரு அண்ணி பாக்கறா?"

"பாக்கறே. எப்படிப் பாக்கறே? விடியறதுக்குள்ள பக்கத்து வூட்டு ஜெகதாம்பா கிட்ட வுட்டுட்டு ஓடறே. அவ டிவிப் பெட்டி முன்னால போட்டு வைக்கிறா. பேசற வாய் பக்கத்துல இருந்தாத்தானே புள்ளைக்குப் பேச்சு வரும்? மடியில சூடு இருந்தாத்தானே தூக்கம் வரும்?"

அம்சவள்ளி குழம்பை ஊற்றினாள். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. தோளில் போட்டு நடந்தது, ஊஞ்சல் கட்டி ஆட்டியது, வைத்தியர் கொடுத்த கசாயம், மசூதி வாசலில் ஓதிய தண்ணீர், அம்மனுக்கு இட்ட மாவிளக்கு. ஆனால் சொல்வதற்கு வேண்டிய மூச்சு இல்லை. தவிரவும், அண்ணி சொல்வது ஒருவேளை நிஜமாக இருந்தால்?

"எங்கிட்ட வுடு. சித்திரை முடியிற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள் கலியம்மாள். "தூங்கலைன்னா நானே கொண்டாந்து வுட்டுடறேன். தூங்கிட்டான்னு வையி, எங்கிட்டயே இருந்துட்டுப் போவட்டும். அப்புறம் அழுதுக்கிட்டு வந்து நிக்கக் கூடாது. இப்பவே சொல்லிப்புட்டேன்."

அங்கமுத்து மனைவியைப் பார்த்தான். "நீ என்ன சொல்றே?"

"வர்ற வாரம் சொல்றேன்" என்றாள் அவள்.

அடுத்த நாள் எலிவூட்டில் குட்டி மாற்றுகிற வேலை இருந்தது. ஒரே இரவில் நான்கு தாய்கள் ஈன்றிருந்தன. இரண்டு ஊசி போட்டவை, இரண்டு போடாதவை. ஹுமாயூன் காலையிலேயே வந்து கையுறை மாட்டிக்கொண்டு நின்றான். இளஞ்சிவப்பில், கண் திறக்காமல், சுண்டுவிரல் நீளத்துக்குக் குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன. வயிற்றுத் தோல் வழியாகக் குடித்த பால் வெள்ளையாகத் தெரிந்தது.

"இந்தத் தாய அந்தக் கூண்டுக்கு எடுங்கக்கா. குட்டிய எடுக்கறப்ப அது பாக்கக் கூடாது."

அவள் தாயை வால் அடியிலும் வயிற்றிலும் தாங்கி மெதுவாக மாற்றினாள். ஹுமாயூன் ஊசித் தாயின் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மற்றத் தாயின் கூண்டிலிருந்த ஈர உமியில் புரட்டினான். சுழிய உருண்டையை மாவில் புரட்டுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக.

"மாத்தி வச்சா தாய்க்குத் தெரியாதா சார்?"

"தெரியும்க்கா. வேற வாசமா இருந்தா ஒதுக்கிடும். சில சமயம் கடிச்சே போட்டுடும். அதனாலதான் இந்த உமி. இதுல அந்தத் தாயோட மூத்திரம், பாலு, வேர்வை எல்லாம் ஊறியிருக்கு. இதுல புரட்டிட்டா அதோட வாசம் இதுக்கு ஏறிக்கும்."

புரட்டிய குட்டிகளைப் புதுக் கூட்டின் நடுவில் வைத்துவிட்டுத் தாயை விட்டார்கள். அது மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. ஒரு குட்டியிடம் போய் மேலிருந்து கீழ்வரை மோந்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பிறகு அது குட்டியின் பிடரியை வாயால் கவ்வி, மூலைக்குத் தூக்கிப் போய் வைத்தது. திரும்பி வந்து அடுத்ததைக் கவ்வியது.

ஹுமாயூன் "அல்ஹம்துலில்லா" என்று கையுறையைக் கழற்றினான். அதே சமயம் அவன் செல்போன் சட்டைப்பைக்குள் அதிர்ந்தது. வெளியே ஓடிப் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"குவைத்துலேர்ந்து எங்க நசீர் அண்ணன். என்னடா பண்றேன்னு கேட்டுச்சு. எலிக்குட்டிய மாத்தி வச்சிக்கிட்டிருக்கேன்னேன். இதுக்கா வாப்பா உன்னைப் படிக்க வச்சாரு, பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு வந்து சேருன்னுச்சு."

அம்சவள்ளி சிரிக்கவில்லை. "எதுக்கு சார் மாத்தறீங்க?"

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். விளக்கிச் சொல்வது என்றால் அவனுக்குப் பசிக்காது.

"இப்படிப் பாருங்கக்கா. ஊசி போட்ட தாயோட குட்டிங்க சரியாத் தூங்கல. ஏன்? வயித்துல இருந்தப்ப மருந்து மூளையத் தொட்டதாலயா? இல்ல, ஊசியில தாய்க்கே ஏதோ ஆகி, அது நக்கிவிடாம, அணைச்சுக்காம, வளர்ப்புல குறை வச்சதாலயா? ரெண்டு காரணமும் ஒண்ணா பின்னிக் கெடக்கு. பிரிக்கணும்னா வளர்க்கற கைய மாத்தணும். ஊசித் தாய் பெத்தத நல்ல தாய் வளர்க்கட்டும். நல்ல தாய் பெத்தத ஊசித் தாய் வளர்க்கட்டும். அப்ப எது தூங்குது, எது தூங்கலைன்னு பாத்தா வெளங்கிடும்."

குளிர் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. அம்சவள்ளி கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். தன்னைத் தவிர யாரும் கேட்கவில்லை என்று அவள் நினைத்திருந்த கேள்வியை ஒருவன் எலியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எங்க மதுராவுக்கும் இந்த மருந்துதான் காரணமா சார்? எனக்கு வலிப்பெல்லாம் கெடையாது. ரத்த விருத்தி மாத்திரை தவிர ஒண்ணும் திங்கல."

"இல்லக்கா, இல்ல." அவன் பதறிவிட்டான். "எலிக்கு ஏன் வந்துச்சுன்னு நமக்குத் தெரியும், ஏன்னா நாமதான் வர வச்சோம். பாப்பாவுக்கு ஏன்னு யாருக்கும் தெரியாது. பெரிய பெரிய டாக்டருங்களுக்கே தெரியல. எலிய வச்சு மனுசனுக்கு முடிவு கட்ட முடியாது."

"முடிவு கட்ட முடியாதுன்னா எதுக்கு சார் இவ்ளோ பாடு?"

"எங்க தேடணும்னாவது தெரியுமில்ல" என்றான்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் அங்கமுத்துவிடம் சொன்னாள்: "அண்ணி கூட்டிட்டுப் போவட்டும்."

கோபத்தில் சொல்லவில்லை, தோற்றுப்போய்ச் சொன்னதும் இல்லை. அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. தன் கைதானா, வேறு ஏதாவதா? அண்ணியிடம் மதுரா தூங்கிவிட்டால் மகள் தனக்கு இல்லை, அது வாக்கு. தெரியாமல் இன்னும் ஒரு வருஷம் இருப்பதைவிட அது மேல் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், அரியலூர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று, கட்டிக் களைந்த ஒரு நீலப் புடவையைச் சுருட்டி அண்ணியின் பையில் வைத்தாள். எலிவூட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு வாரமாக அவள் கட்டியிருந்தது. கழுத்துப் பக்கம் வேர்வை உப்புப் பூத்திருந்தது.

"இது எதுக்கு?"

"படுக்கறப்ப பக்கத்துல வைங்க அண்ணி. துவைச்சிடாதீங்க."

"அழுக்குப் பொடவையவா?" கலியம்மாள் மூக்கைச் சுளித்தாள். டிரைவர் ஆரன் அடித்தான். மதுரா காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தது. அந்தக் கத்தலோடேயே பஸ் திரும்பிப் போனது.

முதல் சில நாட்கள் அம்சவள்ளி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். ஆறு வருஷத் தூக்கம். காலையில் எழுந்து, தூங்கினதற்காக வெட்கப்பட்டாள். பிறகு தூக்கம் போய்விட்டது. சுவரோரத்தில் வெங்காய வரிசை அப்படியே இருந்தது. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினாள். நடுவில் சில வெங்காயம் முளைவிட்டு நுனி பச்சையானது.

போன் போட்டால் கலியம்மாள் ஒரே பதில்தான் சொன்னாள். "நல்லாத்தான் இருக்கா. நீ உன் சோலியப் பாரு." பட்டென்று வைத்துவிடுவாள்.

"தூங்குறாளான்னு கேக்கலியா நீ?" என்பான் அங்கமுத்து.

"கேக்கறதுக்குள்ள வச்சிடறாங்க."

"அப்ப தூங்குதுன்னுதான் அர்த்தம். தூங்கலைன்னா அக்கா ஊரைக் கூட்டியிருக்குமே."

ஒரு தடவை சுண்ணாம்புக்கல் ஏற்றப் போன வழியில் அவன் செந்துறைக்குப் போய்விட்டு வந்தான். முந்திரிக்கொட்டையை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். அக்கா வீட்டில் இல்லை, காட்டுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவி பார்த்துக்கொண்டிருந்தாளாம். "கொட்டை அடுக்கறது அழகா இருக்கு தெரியுமா" என்றான். அம்சவள்ளி அடுப்பை ஊதினாள்.

சித்திரை பாதியில், மாற்றி வைத்த குட்டிகள் பால் மறந்து, உடம்பில் மயிர் மூடி, தனித்தனிக் கூண்டுக்கு வந்தன. பித்தளை வில்லைகள் அடியில் ஒட்டப்பட்டன. ஹுமாயூன் பகலெல்லாம் திரை முன்னால் கிடந்தான். நடுநடுவே கரண்டு போகும். பாட்டரிப் பெட்டி கூவும். அந்தக் கூவலில் எல்லா எலியும் முழித்துக்கொள்ளும். அன்றைய அளவு வீண். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. அவனுக்கும் கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்துவிட்டது.

ஒருநாள் அவளைக் கூப்பிட்டான்.

"இது யாரு பாருங்க." திரையில் ஊஞ்சல் கொஞ்ச நேரம் ஆடியது, அறுந்தது, குப்பை கிளறியது, மறுபடி ஆடியது. "ஊசித் தாய் பெத்தது. வளர்த்தது நல்ல தாய். பால்ல குறையில்ல, அணைப்புல குறையில்ல. ஆனாலும் பாருங்க."

"தூங்கல."

"தூங்கல. இப்ப இதப் பாருங்க." அடுத்த கோடு நிதானமாக, நீளமாக ஆடிக்கொண்டே போனது. நிற்கவே இல்லை. "இது நல்ல தாய் பெத்தது. வளர்த்தது ஊசித் தாய்."

அம்சவள்ளி அந்த ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப… ஊசி போட்ட தாயும் நல்லாத்தான் வளத்திருக்குன்னு சொல்லுங்க."

"நல்லாத்தான் வளத்திருக்கு. கொஞ்ச எலிதான்க்கா, இன்னும் நிறையப் பாக்கணும். எலி வேற, நாம வேற. அத மறந்துடாதீங்க…"

அவன் சொல்லிக்கொண்டே போனான். அவள் ஊசித் தாயின் கூண்டுக்குப் போய் நின்றாள். குட்டிகள் போன கூண்டில் அது சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பெற்றதெல்லாம் வேறெங்கோ வளர, வந்ததை வளர்த்து அனுப்பிய களைப்பு. அவள் சத்தமில்லாமல் தண்ணீர்ப் பாட்டிலை மாற்றினாள்.

ஆனால் அந்த நிம்மதி கல்லூரி வாசலைத் தாண்டும்போதே பாதியாகிவிட்டது. வளர்ப்பு காரணமில்லை என்றால், மதுரா எப்படி அண்ணியிடம் தூங்கும்?

ஞாயிற்றுக்கிழமை எலிகளுக்குத் தீனி வைத்துவிட்டு உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்திருந்தது. வாசற்படியில் கலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். முதலில் அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் சிவந்து, தலை வாரி எத்தனை நாளோ. சித்திரை முடிய இன்னும் நாள் இருந்தது.

"அண்ணி? மதுரா?"

"உள்ளதான் இருக்கா. வெங்காயத்தப் பாத்ததும் என்னை மறந்துட்டா."

உள்ளே மதுரா முளைவிட்ட வெங்காயங்களை எடுத்துத் தனியாக ஒரு வரிசை வைத்துக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை. அம்சவள்ளி பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தாள். அது ஒரு வெங்காயத்தை எடுத்து அவள் பாதத்தில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தது.

கலியம்மாள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். ஜவுளிக்கடைக் காகிதப்பைக்குள் நீலப் புடவை. கஞ்சி போட்டு, நீலம் போட்டு, மடிப்புக் கலையாமல் அட்டை மாதிரி.

"துவைச்சிப்புட்டேன் புள்ள."

அம்சவள்ளி புடவை மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"சொன்னே. சொல்லலைன்னு சொல்லல. நான் என்ன நெனச்சேன்? துவைக்கக்கூட ஏலாம அழுக்குப் பொடவையக் குடுத்து வுடறாளே, எவ்ளோ அசந்து போயிருக்கா பாவம்னு நெனச்சேன். ஒரு ஒத்தாசையா இருக்கட்டும்னு சவுக்காரம் போட்டு அலசிப்புட்டேன். அன்னிக்கு ராவுக்கு அதக் கையில குடுத்தா, மோந்து பாத்துச்சு, தூக்கி வீசிப்புடுச்சு. அப்பத்தான் உறைச்சுது."

"தூங்கவே இல்லியா அண்ணி?"

"தூங்கறதா!" கலியம்மாள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "தோள்ல போட்டு நடந்தேன். மடியில போட்டு ஆட்டுனேன். ஆண்டாயி கோயில்ல கொண்டு போய்ப் படுக்க வச்சேன். ரெண்டு நாள் தாங்கிக்கலாம். நாலு நாள் தாங்கிக்கலாம். கொட்டை உடைக்கறப்ப அசந்து விரல்ல அடிச்சிக்கிட்டேன் பாரு." கட்டு போட்ட கறுப்பு விரலைக் காட்டினாள். "போன் பண்ணுவியே, என்னத்தச் சொல்றது உங்கிட்ட? மூணு புள்ள வளத்தவன்னு அம்மாம் பேச்சு பேசிட்டு."

விரலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "நீ எப்பிடிடி நின்னே இத்தினி வருசம்?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் அம்சவள்ளியிடம் கேட்டதில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். களைப்புதான் வந்தது, மூட்டையை இறக்கின பிறகு தோளில் வருமே, அந்தக் களைப்பு.

"உங்க வளப்புலயும் குத்தம் இல்ல அண்ணி, எம் வளப்புலயும் இல்ல. எங்க எலிவூட்டுல குட்டிய வேற தாயோட உமியில புரட்டி, அது வாசத்த ஏத்தி, மாத்தி மாத்தி வச்சுப் பாத்தாங்க. ஊசி போட்ட தாயும் நல்லாத்தான் வளத்துச்சு. அதுங்க பொறவி அப்படி."

"நல்லாருக்குடி. என்னை எலியோட கொண்டாந்து சேத்துட்டியா?"

"என்னையும்தான் சேத்துக்கிட்டேன்."

கலியம்மாள் இந்தத் தடவை நிஜமாகவே சிரித்துவிட்டாள்.

அம்சவள்ளி பழைய சோற்றில் மோர் ஊற்றி, வெங்காயம் நறுக்கிக் கொடுத்தாள். வரிசையிலிருந்து எடுக்கவில்லை, கூடையிலிருந்து எடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மதுராவுக்குக் கண் செருகுவது தெரிந்தது. பாயை விரித்து, தான் முந்தின நாள் கட்டிக் களைந்த சேலையை மேலே போட்டு, மகளைப் படுக்க வைத்தாள். மதுரா சேலையை மோந்து பார்த்தது. தள்ளிவிட்டது. எழுந்து குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடந்து கலியம்மாளிடம் போய், அவள் முந்தானையை இழுத்து முகத்தில் அப்பிக்கொண்டு நின்றது. அப்படியே நின்றபடி கண்ணை மூடியது.

இரண்டு பெண்களும் அசையவில்லை.

"கடைசி ஒரு வாரமா இப்படித்தான்" என்றாள் கலியம்மாள், குரலைத் தாழ்த்தி. "முந்தானைய மூஞ்சில போட்டுக்கிட்டா ஒரு நாழி கண்ணசருது. கோழித்தூக்கம்தான். இருந்தாலும்…"

தூங்கிட்டான்னு வையி, எங்கிட்டயே இருந்துட்டுப் போவட்டும். யாரும் அதைத் திரும்பச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அம்சவள்ளி தன் சேலையைப் பாயிலிருந்து எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். தன் வாசம் மகளின் மூக்கிலிருந்து போய்விட்டது. ஒரு மாசம் போதும் போலிருக்கிறது. உமியும் அப்படித்தான், மாற்றினால் போயிற்று.

கலியம்மாள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மதுராவை மெல்ல அணைத்துப் பாயில் உட்கார்த்தி வைத்து, முந்தானையை அதன் கையிலிருந்து விடுவிக்காமலே இடுப்புச் செருகலை அவிழ்த்தாள். அடுப்படித் தட்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டே புடவையைச் சுற்றுச் சுற்றாகக் களைந்து விட்டாள். முந்திரிக்கறையும் வெற்றிலையும் வேர்வையுமாக அந்தச் சிவப்புப் புடவை பாயில் குவிந்தது. மதுரா அதற்குள் முகத்தைப் புதைத்துச் சாய்ந்தது.

தட்டிக்குப் பின்னாலிருந்து கை நீண்டது. "அத எடு."

"எத அண்ணி?"

"நான் துவைச்சத. வேற என்னத்தக் கட்டிக்கிட்டு பஸ் ஏறுவேன்?"

அம்சவள்ளி நீலப் புடவையைக் கொடுத்தாள். கலியம்மாள் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கஞ்சி மொடமொடத்தது. நடந்தால் காய்ந்த வாழைச்சருகு மாதிரி சத்தம்.

"இருந்துட்டுப் போங்க அண்ணி. சாயங்காலம் அவரு வந்துடுவாரு."

"நான் போய்த் தூங்கறேன் ஆத்தா. என்னை வுடு." பையைத் தூக்கிக்கொண்டாள். பாயைப் பார்த்தாள். மதுராவின் முதுகு ஒரே அளவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரத்துக்கு என்று தெரியாது. "அத மட்டும் துவைச்சுப்புடாதே. வாசம் தேஞ்சு போறதுக்குள்ள அதுக்கு மேலயே உன் பொடவைய வச்சு வச்சுப் பழக்கு. உனக்குத்தான் தெரியுமே அந்த எலிவூட்டு வித்தை."

அவள் படிக்கு நடந்தாள். முதல் அடியிலேயே கஞ்சிப் புடவை சரசரத்தது. மதுராவின் கால் விரல் அசைந்தது. கலியம்மாள் அப்படியே நின்றாள். பிறகு பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புடவையை இரண்டு கையாலும் முழங்கால்வரை தூக்கிப் பிடித்து, குதிகாலைத் தரையில் வைக்காமல், மூச்சை அடக்கி, வெயிலுக்குள் இறங்கினாள்.